எலி மறந்ததா, கண் தெரியவில்லையா?

முன்மூளையில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் கெட்டால் எலிக்கு இடம் நினைவில் நிற்காது. இதைச் சோதிக்க ஆய்வகங்களில் இன்றும் புழங்குவது ஒரு வட்டமான தண்ணீர்த் தொட்டிதான். ரிச்சர்ட் மோரிஸ் 1981-ல் விவரித்த முறை. அடுத்த ஆண்டே அவரும் சகாக்களும் காட்டியது: ஹிப்போகாம்பஸ் சேதமான எலிகள் நீருக்குள் மறைந்த மேடையைத் தேடித் திணறின, மேடை வெளியே தெரிந்தால் நேராகப் போய் ஏறின. கண்ணும் காலும் சரி, நினைவில்தான் கோளாறு என்று சொல்ல முடிந்தது அந்த இரண்டாவது பாதியால்தான். பலர் அவசரத்தில் விட்டுவிடுவதும் அதைத்தான்.

சுண்டெலிக்கு 1.2 மீட்டர் விட்டமுள்ள தொட்டி போதும். மேடை 10 செ.மீ. அகலம், நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே. தண்ணீரைக் கலங்கலாக்கப் பால் பவுடர் போடுவது பழைய வழக்கம், சீக்கிரம் நாறிவிடும். நச்சில்லாத வெள்ளைப் பெயின்ட் மேல். ஆனால் வெள்ளை எலிக்கு வெள்ளைத் தண்ணீர் வைத்தால் கேமரா அதைத் தொலைத்துவிடும்.

நாளுக்கு 4 முறை, ஒவ்வொரு முறையும் வேறு திசையிலிருந்து, 60 விநாடி வரை. கண்டுபிடிக்காவிட்டால் கையால் மேடைக்கு வழிகாட்டி 15 விநாடி உட்கார வைக்க வேண்டும். தண்ணீர் 22 டிகிரி அளவில் இருக்கட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் சில எலிகள் தேடாமல் மிதந்துகொண்டிருக்கும். குளிர்ந்தாலோ, அந்தச் சின்ன உடம்பு சூட்டை வேகமாக இழக்கும். இடைவெளி விடாமல், துவட்டாமல் திரும்பத் திரும்ப இறக்கினால் நான்காவது முறை நீச்சல் தளரும். வரைபடத்தில் அது மறதி மாதிரியே தெரியும். அதனால் எடுத்த நேரத்தை மட்டும் நம்பக் கூடாது. நீந்திய தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டியே சுற்றும் எலி பெரும்பாலும் பயந்த எலி.

மூக்கு தனிக்கதை. மற்றப் புலன்களின் செய்தி, மூளை நடுவே அதைக் கைமாற்றும் தலாமஸ் வழியாக மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகிறது. வாசனை மட்டும் முகர்ச்சிக் குமிழிலிருந்து நேராகப் போய்விடும். எலிக்கு அந்தக் குமிழ் பெரிது. எனவே நீரில் தங்கிய வாசனையை வைத்து வழி பிடிக்காமலிருக்க, ஒவ்வொரு முறைக்கும் நடுவே தண்ணீரைக் கலக்கிவிடுவது நல்லது.

கண் விஷயத்தில் இனத்தைப் பாருங்கள். சி3எச் வகைச் சுண்டெலிகள் பலவற்றில் விழித்திரைச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். அவற்றை வைத்து நினைவைச் சோதிப்பது வீண் வேலை. சுவர்ப் படங்கள், விளக்கு, கதவு எல்லாமே எலிக்கு அடையாளம். பக்கத்தில் நிற்கும் ஆளும்தான். இன்று இங்கே, நாளை அங்கே என்று நிற்காதீர்கள்.

ஐந்து நாள் இப்படிப் பழக்கி, ஆறாம் நாள் மேடையை எடுத்துவிட்டு 60 விநாடி விடுவார்கள். தொட்டியை நான்காகப் பிரித்தால் குருட்டாம்போக்கில் ஒரு பகுதிக்கு 15 விநாடி கிடைக்கும். இடம் தெரிந்த எலி மேடை இருந்த பகுதியிலேயே அதைவிடக் கூடுதலாகச் சுற்றும்.

கடைசியில் மூளையை வெட்டிப் பார்க்காமல் எதையும் எழுத முடியாது. பதப்படுத்திய மூளையை 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் போட்டு, அது அடியில் மூழ்கும்வரை காத்திருந்து, 40 மைக்ரான் சீவல்களாக எடுப்பது வழக்கம். மிதக்கும்போதே அவசரப்பட்டு உறைய வைத்தால் பனிப்படிகங்கள் திசுவில் ஓட்டை போடும். அந்த ஓட்டைகளுக்கு நடுவே உண்மையான சேதத்தின் எல்லையைக் குறிப்பது பெரும்பாடு.