காதில் 'டப்' சத்தம், கழுத்தில் நெறிக்கட்டி

சளி பிடித்த நாட்களில் எச்சில் விழுங்கினால் காதில் 'டப்' என்கிறதா? கூடவே தாடைக்குக் கீழே நெறி கட்டி, தொட்டால் வலிக்கிறதா? பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாய், பெரியவர்களுக்குச் சுமார் 3.5 செ.மீ. நீளம். சளியில் அதன் உட்சுவர் வீங்கி அடைத்துக்கொள்ளும். விழுங்கும்போது சட்டென்று திறப்பதுதான் அந்தச் சத்தம். அதே தொற்றோடு போராடுவதால்தான் நெறியும் வீங்குகிறது.

உப்புநீர் மூக்குச் சொட்டு, ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பு, வலிக்குப் பாராசிட்டமால்: வைரஸ் சளிக்கு இவை போதும், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மூக்கடைப்பு நீக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டை மூன்று நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு இன்னும் மோசமாகும். மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதாதீர்கள், சளி நடுக்காதுக்குள் ஏறிவிடும். காதில் எண்ணெய் ஊற்றுவதால் பயனே இல்லை. அடைப்பு செவிப்பறைக்கு உள்ளே இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் நெறி, வலியில்லாமல் கெட்டியாக இருப்பது, மாலைக் காய்ச்சல், எடை குறைவது என்றால் காசநோய்க்கும் சேர்த்துப் பரிசோதனை தேவை. பெரியவர்களுக்கு ஒரே பக்கக் காது அடைப்பு நீங்காமல் கழுத்தில் கட்டியும் இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மூக்கின் பின்புறத்தை எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வரும் புற்றுநோய் இப்படித்தான் தலைகாட்டும்.