39 வாரம், ஒரு பிக்மி எண், 15 மணி நேரப் பட்டினி

இரண்டாவது பிரசவத்துக்கு நடந்த சிசேரியனை நினைத்து நான் அழவில்லை. கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்ததும் தருகிற பிக்மி எண்ணுக்காக ஆட்டோவில் அலைந்த அன்று அழுதேன். ஆகவே அதையே முதலில் சொல்கிறேன்.

ஓசூரில் தனியார் மருத்துவமனையில் எட்டு மாதம் காட்டிவிட்டு, பிரசவத்துக்குக் கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஸ்கேன்கள், ரத்தப் பரிசோதனைகள், முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே ஃபைலில் பத்திரமாக இருந்தன. கும்பகோணத்தில் பிரசவம் பார்க்கவிருந்த மருத்துவமனைக்குப் பதிவுக்குப் போனால் கவுன்ட்டரில் இருந்தவர் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. “பிக்மி நம்பர் எங்கே? அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வராது” என்றார். எட்டு மாதத்தில் ஒருவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. 38 வார வயிற்றோடு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்த பிறகு, “ஆதாரில் ஓசூர் முகவரி இருக்கிறது, அங்கேயே போய்ப் பதியுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்! அந்த உடம்போடு எப்படிப் போவது என்று அவர்கள் ஒரு கணம் யோசிக்கவில்லை.

மறுநாள் அம்மா என்னைத் திரும்ப அங்கேயே இழுத்துக்கொண்டு போனார். வேறொரு நர்சம்மா இருந்தார். “தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தவர்களை இங்கேயே பதியலாமே, யார் உங்களைத் திருப்பி அனுப்பியது?” என்று கேட்டுக்கொண்டே ஆதார், கடைசி மாதவிலக்குத் தேதி, ஸ்கேன் எல்லாவற்றையும் வாங்கினார். இருபது நிமிடத்தில் 12 இலக்க எண் கைக்கு வந்துவிட்டது. தனியாரிடம் காட்டுகிறவர்கள் மூன்றாம் மாதத்திலேயே இதை வாங்கிவிடுங்கள்.

இனி, ஏன் சிசேரியன் என்பது. முதல் பிரசவத்தில் 19 மணி நேரம் வலியில் கிடந்து, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியதும் நள்ளிரவில் அவசரமாகக் கொண்டுபோய் அறுத்தார்கள். இந்த முறை டாக்டர், சுகப்பிரசவத்துக்கு முயன்று பார்க்கலாம் என்றுதான் சொன்னார். அப்படி முயன்றால் கருப்பையின் பழைய தையல் பிரியும் ஆபத்து ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்கு. அறுவை சிகிச்சை கூடக்கூட அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சிக்கலாகும் வாய்ப்பும் கூடும் என்று இரண்டு பக்கத்தையும் விளக்கினார். எங்களுக்கு மூன்றாவது குழந்தை எண்ணம் இல்லை. ஒரு வாரம் யோசித்து, சிசேரியனே போதும் என்று நான்தான் முடிவெடுத்தேன்.

அத்தைக்கு அது பிடிக்கவில்லை. பணத்துக்காக மருத்துவமனை என் மனதைக் கலைத்துவிட்டது என்றார். அவர் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 64 சிசேரியன். ஆனால் “வலி தாங்க மாட்டாளாம்” என்று சொந்தக்காரர்களிடம் சொன்னதை மட்டும் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. 19 மணி நேரம் தாங்கியவள் நான்.

அடுத்தது தேதி. அப்பா ஜோசியரிடம் குறித்துக்கொண்டு வந்த நாளில் எனக்கு 37 வாரமும் ஐந்து நாளும்தான். டாக்டர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். காரணம் எதுவும் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு அதிகம் என்றார். பிறகு அவரே மூன்று நாட்களைச் சொல்ல, அப்பா அதில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணியைத் தேர்ந்தெடுத்தார்.

முந்தின இரவு பத்து மணிக்கு இரண்டு இட்லி. அதன் பிறகு தண்ணீர்கூடக் கூடாது என்று வார்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். காலை எட்டே முக்காலுக்கு ஓர் அவசர கேஸ் வந்தது, பின்னாலேயே இன்னொன்று. அவர்கள் முன்னால் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். ஆனால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, மதியம் ஒரு மணிவரை ஒரு சொல் சொல்லாமல் போட்டுவைத்திருந்தார்களே, அதுதான் ஆறவில்லை. கடைசியில் மயக்க மருத்துவர் வந்து, “தண்ணீர் குடித்திருக்கலாமே, இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும்” என்றார். வார்டில் சொல்வதோடு விடாமல், முந்தின நாளே மயக்க மருத்துவரிடம் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தியேட்டரில் தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைத்து உட்காரச் சொன்னார்கள். ஸ்பிரிட்டின் குளிர்ச்சி, ஒரு குத்தல், பிறகு இடுப்பிலிருந்து பாதம்வரை வெந்நீர் ஓடுவது போன்ற சூடு. கொஞ்ச நேரத்தில் கால்கள் என்னுடையவை இல்லை என்று ஆகிவிட்டன. வலி இல்லை, வயிற்றை யாரோ பிசைந்து இழுப்பது மட்டும் தெரிந்தது. 1.50க்கு அழுகை கேட்டது. பெண், 3.1 கிலோ. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை ராகு காலம். அப்பா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பேத்தியின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்று பிறகு அம்மா சொன்னார்.

மறுநாள் காலை எழுந்து நின்றதுதான் எல்லாவற்றிலும் கடினம். நேராக எழ முயலாதீர்கள். ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமினால் தையல் மீது தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பிறப்புப் பதிவுப் படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு அவசரமில்லை. ஆனால் என் கணவரின் இனிஷியல் தப்பாக இருந்தது. “அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் மேடம்” என்றார் அதே கவுன்ட்டர்காரர். தையலில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றபடியே, திருத்திய தாள் வரும்வரை நான் கையெழுத்துப் போடவில்லை.