ஹரோ நிலையத்தில் ஒரு பௌதிகவியல் பாடம்

உயர்தர வகுப்பில் எங்கள் பௌதிகவியல் சேர் ஒருநாள் தன் வீட்டுக் கேத்தலோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார். பால்மா ரின் மூடியை இதழ் இதழாக வெட்டி முறுக்கி, ஊசியில் குத்திக் காற்றாடி செய்திருந்தார். அதைப் பிடித்தவன் என் பக்கத்து வாங்கு நண்பன். கேத்தல் மூக்கிலிருந்து ஆவி சீறியதும் காற்றாடி கிர்ரென்று சுற்றியது.

"இதுதான் சுழலி. கப்பலிலை இருக்கு, மின்நிலையத்திலை இருக்கு. கோச்சியிலை ஏன் இல்லை, சொல்லுங்கோ பாப்பம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மணி அடித்தது. சேரும் விடை சொல்லாமலே கேத்தலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பல வருடம் கழித்து லண்டன் வந்து ஹரோவில் குடியேறினேன். ஹரோ அன்ட் வீல்ட்ஸ்டோன் நிலைய வாசலில் 1952 விபத்தின் நினைவுப் பலகை இருக்கிறது. தினமும் அதைத் தாண்டி ஓடுகிறவன், ரயில் பிந்திய ஒரு காலையில்தான் நின்று வாசித்தேன்.

1952 ஒக்டோபர் 8. நின்றிருந்த உள்ளூர் ரயிலின் பின்னால் ஸ்கொட்லாந்தின் பேர்த்திலிருந்து வந்த இரவு ரயில் மோதியது. சிதறிக் கிடந்த பெட்டிகள்மேல், எதிர்ப்பக்கம் வந்த லிவர்பூல் கடுகதியும் ஏறியது. 112 பேர் இறந்தார்கள். கடுகதியை இழுத்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று 46202, 'பிரின்சஸ் ஆன்'. அதன் பூர்வீகத்தை நூலகத்தில் புரட்டியபோது சேரின் கேத்தல் கண்முன் வந்தது.

1935 இல் இங்கிலாந்தின் குரூ ரயில் தொழிற்சாலையில் பிறந்தபோது, மற்ற ஆவி எஞ்சின்களில் முன்னும் பின்னும் அடிக்கும் பிஸ்ரனே அந்த எஞ்சினுக்கு இல்லை, சுழலிதான்! சுவீடனில் ஓடிய சுழலி எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்து ரயில் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் வில்லியம் ஸ்ரானியர் செய்வித்தது. சுழலி ஒரு பக்கம்தானே சுற்றும். அதனால் முன்னே போக இடப்பக்கம் பெரியது, பின்னே போக வலப்பக்கம் சின்னது. வேகம் வேண்டுமென்றால் சாரதி ஆவித் தாரைகளை ஒவ்வொன்றாகத் திறப்பார். பிஸ்ரன் இல்லாததால், சக்கரங்கள் தண்டவாளத்தைச் சம்மட்டிபோல் அடிப்பதும் இல்லை. ஆவியும் மெல்லத்தான் வெளியேறியது. ஆனால் அந்த மென்மையே தொல்லையாகிப் புகை மேலே எழாமல் சாரதியின் பார்வையை மறைத்தது. 1939 இல் புகையை விலக்க இரு பக்கமும் தகடு பூட்டினார்கள்.

சேரின் கேள்விக்குச் சரியான விடை அமெரிக்காவில் கிடைத்தது. 1944 இல் பென்சில்வேனியா ரயில்வேக்கு வந்த எஸ்2 என்ற சுழலி எஞ்சின், வேகமாக ஓடும்போது ராசா மாதிரி. மெல்ல ஊர்ந்தாலோ ஆவியை மடமடவென்று குடிக்கும். கொதிகலன் அழுத்தம் சட்டென்று விழும், உள்ளே தாங்கும் கம்பிகள் உடையும். கப்பல் நாட்கணக்கில் ஒரே வேகத்தில் போகும். கோச்சி அப்படியா? புறப்படும், ஊரும், நிற்கும், பின்னுக்கும் வரும்.

ஆனாலும் ஹரோவில் நொறுங்கிய எஞ்சினை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் உழைத்தது. அந்த வகையில் அது ஒன்றே ஒன்று. பழுதானால் உதிரிப்பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். போருக்குப் பிறகு புதுச் சுழலி போடும் செலவு கட்டாது என்று, 1952 இல் பிஸ்ரன் பூட்டி ஓடவிட்டார்கள். இரண்டு மாதம் நிறையுமுன் ஹரோ.

இதையெல்லாம் போன மாதம் ரொறன்ரோவிலுள்ள அந்தப் பக்கத்து வாங்கு நண்பனுக்குத் தொலைபேசியில் ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அது சரியடா. அண்டைக்கு என்ரை விரல் அவிஞ்சது உனக்கு ஞாபகம் இருக்கோ?"