மூன்றாவது ட்ரம்பெட்

டிசம்பர் 9, சனி
மேல் முன்பல் ஆடுகிறது. நாக்கு சும்மா இருக்கிறதில்லை, போய்ப் போய்த் தள்ளிப் பார்க்கிறது.

டிசம்பர் 11, திங்கள்
ஒத்திகை. பதினேழு பேர் வரவேண்டிய பாண்டில் பதினான்கு பேர். இரண்டாவது ட்ரோம்போனுக்குக் காய்ச்சல், டெப், அதாவது பதிலுக்கு ஊத ஆள், தேடுகிறார்கள். எனக்கும் ஒருவரைத் தேடுங்கோ என்று வாய் வரை வந்தது. வாயில்தானே பிரச்சினை, சொல்லவில்லை.

சுரம் மேலே போகப் போகக் கை தானாக மௌத்பீஸை உதட்டோடு அமுக்கும். அமுக்காதே என்று வாத்திமார் எல்லாரும் சொல்லுவினம்; களைத்தால் எல்லாரும் அமுக்குவினம், வாத்திமார் உட்பட. உச்சம் முதல் ட்ரம்பெட் ஊதுகிற லீட்காரனுக்கு. என்னுடைய மூன்றாவது நடுவில் கிடக்கும், ஒருவருக்கும் தனியாகக் கேட்காது. ஆனால் நாலு ட்ரம்பெட்டும் சேர்ந்து விழுகிற இடத்தில் நான் நிற்பாட்டினால் ஒரு சுரம் இல்லாமல் போகும். பக்கத்தில் இருப்பவன் உடனே திரும்பிப் பார்ப்பான்.

டிசம்பர் 12, செவ்வாய்
கஞ்சி. "இந்த வயசிலும் உங்களுக்கு அந்தக் குழல் தேவையோ?" என்றாள் மனுசி. கஞ்சிக்கு உப்புக் காணாது, அதையும் சொல்லவில்லை.

டிசம்பர் 13, புதன்
பல் டொக்டருக்குப் போன் அடித்தேன். 19ஆம் திகதிதானாம்.

டிசம்பர் 15, வெள்ளி (விடிந்தால் சனி, நித்திரை இல்லை)
மண்டபம் நிரம்பிவிட்டது. கறுப்புச் சட்டை, சிவப்பு டை. தேநீர், ராஃபிள் சீட்டு. 1944இல் இதே நாள்தான் அமெரிக்க பாண்ட் தலைவர் க்ளென் மில்லர் இங்கிலாந்தில் இந்த பெட்ஃபோர்டுக்குப் பக்கத்திலேயே, ட்வின்வுட் விமானத்தளத்தில் ஒற்றை என்ஜின் விமானமொன்றில் ஏறிப் பாரிசுக்குப் புறப்பட்டார். விமானமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. பாண்ட் தலைவர் மைக்கில் "காணாமல் போனவர்" என்று சொல்ல, சனம் கை தட்டியது. அந்தச் சொல்லுக்கு எங்கட ஊரில் ஒருவரும் கை தட்டமாட்டினம். கொஞ்ச நேரம் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் பாதி ஒருமாதிரிப் போயிற்று. கடைசியில் மில்லரின் பேர்போன 'இன் த மூட்'. அதன் முடிவு பொல்லாதது: அதே துண்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் இன்னும் மெல்ல, பிறகு திடீரென்று முழுப் பாண்டும் வெடிக்க வேண்டும். பலமாக ஊதுவது சுகம். மெல்ல ஊதுவதுதான் பல்லைத் தேடிப் பிடிக்கும். மூன்றாம் முறை வாயில் இரத்த ருசி. முன்வரிசையில் சக்கர நாற்காலிக் கிழவி ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலையே பார்த்தேன். வெடித்த இடத்தில் நானும் இருந்தேன். சுரம் சரியோ தெரியாது, ஆனால் இருந்தேன்.

கூலி பெற்றோல் காசும் ஒரு முட்டை சான்ட்விச்சும். சான்ட்விச் ட்ரம்ஸ்காரத் தம்பிக்குப் போயிற்று.

டிசம்பர் 16, சனி
உதடு வீக்கம். ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 18, திங்கள்
ஒத்திகைக்குப் போகவில்லை. பெட்டியைத் திறந்து மூன்று வால்வுக்கும் எண்ணெய் விட்டேன். ஊதாமல் விரலால் மட்டும் மூன்றாவது பகுதி முழுவதையும் வாசித்தேன். மனுசி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள், ஒன்றும் கேட்கவில்லை.

டிசம்பர் 19, செவ்வாய்
9.40க்கு நேரம். மௌத்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், டொக்டருக்குக் காட்ட.