முள் சொன்னதும் மாப்பிள்ளை சொன்னதும்

மேடு ஏறிக்கொண்டிருக்கும்போது ஆயில் பிரஷர் முள் படுத்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தால்கூட மனசைத் தயார் செய்துகொண்டிருப்பேன். நின்றுகொண்டிருந்த ஆள் மயங்கி விழுவதுபோல ஒரே சாய்ப்பாகப் பூஜ்ஜியத்தில் போய் விழுந்தது.

லாரியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். அந்த நிமிடம் வரை நான் செய்ததெல்லாம் சரி.

ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டை ஒட்டி நின்றது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுகூடக் கிடையாது. பிரஷர் இல்லாவிட்டால் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு, சாவியைத் திருப்பினால் எரிந்தது, ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. பல்பு உயிரோடுதான் இருக்கிறது. அந்த விளக்குக்கு என் வண்டியில் தனி ஸ்விட்ச். முள்ளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஐந்து விநாடி காது கொடுத்துக் கேட்டேன். பிரஷர் உண்மையிலேயே போயிருந்தால் முதலில் டாப்பெட் சத்தம் கிளம்பும், அப்புறம் பேரிங் அடிவயிற்றிலிருந்து இடிக்க ஆரம்பிக்கும். இரண்டும் இல்லை.

ஆக, பிரஷர் இருக்கிறது என்று சொல்ல டிப்ஸ்டிக், விளக்கு, சத்தம் என்று மூன்று சாட்சி. எதிர்த்தரப்பில் ஒற்றை முள். நான் முள்ளின் பக்கம் தீர்ப்பு சொல்லி இழுவை வண்டியை வரவழைத்தேன்.

இதற்குச் சிரிக்க வேண்டாம். ஆயில் பிரஷரில் சந்தேகம் வந்தால் கட்டி இழுப்பதுதான் முறை. ஆயில் இல்லாமல் ஓடினால் எஞ்சினைச் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டே போய்விடும்; அதைவிட இழுவைக் கூலி எப்போதும் மலிவு. சிரிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

வீட்டில் மாப்பிள்ளை, அதாவது என் மனைவியின் தம்பி, நின்றிருந்தான். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "யூனிட் போயிருக்கும் மாமா" என்றான். ரேடியோ பாடாதபோதும் இதே ஆள் இதே முகத்தோடு "யூனிட் போயிருக்கும்" என்றுதான் சொன்னான். அதனால் நான் கண்டுகொள்ளவில்லை.

யூனிட் என்பது எஞ்சின் பிளாக்கில் திருகியிருக்கும் சின்ன டப்பா. உள்ளே ஒரு மெல்லிய தகடு. ஆயில் அதைத் தள்ளத் தள்ள மின்தடை மாறும். ஒற்றை ஒயர் வழியாக டேஷ்போர்டில் இருக்கும் கேஜ் அதைப் படித்து முள்ளை நகர்த்தும். என் வண்டியில் பிரஷர் இல்லாதபோது 10 ஓம், முழு பிரஷரில் 180 ஓம் வாக்கில். ஒயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டால் தடை எல்லையில்லாமல் போய் முள் உச்சிக்கு ஏற வேண்டும். அதே ஒயரை எர்த் செய்தால், அதாவது எஞ்சின் இரும்பில் தொட்டால், பூஜ்ஜியத்துக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜும் ஒயரும் நிரபராதி.

ஒயரைப் பிடுங்கினேன். முள் கேஜின் கடைசி எண்ணான 80-ஐத் தாண்டிப் போய் முட்டியது. பிளாக்கில் தொட்டேன், விழுந்தது. பிடுங்கினேன், எழுந்தது. இதை ஒரு பத்து முறை செய்திருப்பேன். வேலை நடப்பதுபோல ஓர் உணர்வு.

அப்புறம் மின்தடை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து யூனிட்டை அளந்தேன். 10 ஓம். மறுபடி அளந்தேன், 10 ஓம். அச்சு அசலாக இருக்க வேண்டிய அளவு! கேஜ் நல்லது, ஒயர் நல்லது, யூனிட்டும் நல்லது. அப்படியானால் பிரஷர்தான் நிஜமாகவே பூஜ்ஜியம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மல்லாந்து படுத்தபடியே ஆயில் பம்பைக் கழற்றினேன், அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்பை இறக்கினேன், பேரிங் தேய்மானத்தை அளந்தேன், விடியும் நேரத்தில் லாரியை விற்றும் விட்டேன்.

காலையில் மாப்பிள்ளையிடம் கணக்கை ஒப்பித்தேன். அவன் பல் துலக்கிக்கொண்டே கேட்டான்: "அளக்கும்போது எஞ்சின் ஓடிச்சா மாமா?"

ஓடவில்லை. எஞ்சின் ஓடாதபோது பிரஷர் பூஜ்ஜியம்; பூஜ்ஜியத்துக்கு 10 ஓம்; செத்த யூனிட்டும் 10 ஓம்தான் காட்டும். தூங்குகிறவனையும் செத்தவனையும் படுக்கையை மட்டும் பார்த்துப் பிரிக்க முயன்றிருக்கிறேன்.

எஞ்சினை ஓடவிட்டு அளந்தோம். மிதித்தாலும் விட்டாலும் 10 ஓமிலிருந்து நகரவில்லை. "பார்த்தீங்களா?" என்றான். அப்போதும் நான் விடவில்லை. பிரஷர் நிஜமாகவே இல்லாவிட்டாலும் இதே 10 ஓம்தானே வரும்? இது வீம்பு என்று அவன் நினைத்தான். பாதி வீம்புதான், ஆனாலும் கேள்வி நியாயமானது. தீர்க்க ஒரே வழி, ஆயிலிடமே நேராகக் கேட்பது.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் மெக்கானிக்கல் கேஜ் இரவல் வாங்கினேன். கரண்டும் வேண்டாம், ஓமும் வேண்டாம். குழாய் வழியாக ஆயிலே வந்து முள்ளைத் தள்ளும். யூனிட்டைக் கழற்றி அந்த ஓட்டையில் குழாயைத் திருகினோம். கேஜை சீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிக்கொண்டே பார்க்கலாம் என்றான் மாப்பிள்ளை. குழாய் விட்டுக்கொண்டால் சுடுஆயில் மடியில் அபிஷேகம் ஆகும் என்று சொல்லி, சைடு மிரரில் கட்டித் தொங்கவிட்டேன்.

ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் 55 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு). நன்றாகச் சூடானபின் ஐட்லிங்கில் 20. ஆக்ஸிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கொண்டுபோனால் 45. ஆயிரம் சுற்றுக்குப் 10 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கைக்கணக்கு. என் கிழவண்டி அதைப்போல இரண்டு மடங்கு காட்டுகிறது. கையில் வைத்திருந்த பழைய யூனிட்டைக் குலுக்கினேன். ஒயர் மாட்டும் முனையிலிருந்து ஆயில் கசிந்தது. உள்ளே தகடு கிழிந்திருக்கிறது.

மாப்பிள்ளை எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் அக்காவிடம் சொன்னான்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். புது யூனிட் வாங்கப் போனவன், திருகு மறை சேர்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அழகாகச் சேர்ந்தது. மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. முள் 80-ஐத் தாண்டி நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் 65-க்கு இறங்கியது. மிதித்தேன், 25-க்குப் போனது. காலை எடுத்தேன், மறுபடி ஏறியது. நான் மிதிக்க மிதிக்கக் கீழே போகிறது!

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவர் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன். யூனிட்டுகளில் இரண்டு சாதி உண்டாம். ஒன்றில் பிரஷர் ஏறினால் ஓம் ஏறும். மற்றதில் பிரஷர் இல்லாதபோது 240 ஓம். ஏற ஏறக் குறைந்து 33-க்கு வரும். நான் வாங்கியது இரண்டாவது. மறை ஒன்றுதான், மொழி வேறு. மாப்பிள்ளை இதற்கும் தீர்வு வைத்திருந்தான்: "கேஜைத் தலைகீழா மாட்டிடலாம் மாமா."

மாற்றி வாங்கினேன். ஒழுகக்கூடாது என்று மறையில் டெஃப்ளான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றினேன். தண்ணீர்க் குழாய் மாட்டிய பழக்கம். இந்த யூனிட்டுக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது, மறை வழியாகத்தான் எர்த். டேப் போர்வைக்குள் அது எர்த்தைத் தேடித் தவித்ததில், முள் ஏறுவதும் நடுங்குவதுமாக ஜுரம் வந்ததுபோல ஆடியது. கழற்றி, டேப்பை உரித்து, துடைத்து மாட்டினேன். சூடான ஐட்லிங்கில் 20. இரவல் கேஜ் காட்டிய அதே 20.

மறுநாள் சந்தோஷமாகக் கிளம்பினோம். என் கண் பிரஷர் முள்ளைவிட்டு அகலவில்லை. 45-ல் நிற்கிறது, 40, மறுபடி 45. பேச்சுக்கொடுத்த மாப்பிள்ளைக்கும் முள்ளைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். எஞ்சின் இரண்டு முறை இருமியது, முள் சரிந்தது, பூஜ்ஜியம். எஞ்சினும் நின்றது.

இந்த முறை நான் பதறவில்லை. அனுபவஸ்தன். பானட்டைத் திறந்தேன், ஒயரைப் பிடுங்கினேன், "முள் என்ன காட்டுது?" என்று கத்தினேன்.

"உச்சிக்குப் போயிருச்சு மாமா."

எர்த் செய்தேன். "இப்போ?"

"கீழே வந்திருச்சு."

கேஜ் நல்லது, ஒயர் நல்லது. மல்டிமீட்டரை எடுக்க சீட்டுக்கு அடியில் கை விட்டேன்.

"மாமா, பக்கத்துல இருக்கிற முள்ளும் கீழேதான் கிடக்கு. அது எந்த யூனிட்டு?"

அது டீசல் முள். பிரஷர் முள்ளுக்கு நாலு விரல் தள்ளி, கிளம்பியதிலிருந்தே கோட்டுக்குக் கீழே கிடந்திருக்கிறது. வழியில் வந்த ஒரு லாரிக்காரரிடம் ஒரு கேன் டீசல் கேட்டு வாங்கி ஊற்றினோம். அப்புறம் முக்கால் மணி நேரம் ஏர் எடுத்தோம், அதாவது டீசல் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினோம். நான் பம்பை அடிக்க, அவன் நட்டைத் தளர்த்தி நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டுவிட்டான்.