வீட்டு வைஃபையில் ஒரு பிட்காயின் மைனர்

தீபாவளி போனஸில் பிட்ஆக்ஸ் காமா என்ற குட்டி பிட்காயின் மைனர் ஒன்று வாங்கினேன். பிட்காயின் பரிவர்த்தனைகள் பிளாக் பிளாக்காகப் பதிவாகும். அடுத்த பிளாக்குக்கான விடையைக் கோடிக்கணக்கில் முயன்று தேடுவதுதான் மைனரின் வேலை, முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு பிட்காயின். உள்ளங்கையில் அடங்கும் பலகை. நடுவில் ஒரே ஒரு பிஎம்1370 சிப், அதன் மேல் சின்ன விசிறி, ஓரத்தில் விரலகலத் திரை. பிட்மெயின் கம்பெனியின் பெரிய எஸ்21 ப்ரோ மைனரில் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் அதே சிப்தான்.

முதலில் பார்த்து வைத்திருந்தது அதே கம்பெனியின் பழைய மைனர், ஆன்ட்மைனர் எஸ்9. 2016-இல் வந்தது, செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். நல்லவேளை, வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டேன். 1,350 வாட் என்றால் ஒரு நாளைக்கு 32 யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 1,900 யூனிட்டைத் தாண்டும். ஆயிரத்துக்கு மேல் போனால் நம் ஊரில் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கும் மேல். அதுபோக, பக்கத்து வீடு வரை கேட்கும் இரைச்சல். சென்னை அடுக்குமாடி வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. காமா இழுப்பது சுமார் 18 வாட், ஒரு பில்லுக்கு 26 யூனிட். அப்புறம் யோசிக்கவே இல்லை.

மைனர் என்றால் ஏதோ பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். எனக்குச் சிக்கல் வந்ததெல்லாம் வைஃபையிலும் ஒரு சார்ஜரிலும்தான்.

முதல் தடவை கரண்ட் கொடுத்ததும் பிட்ஆக்ஸ் தானே ஒரு வைஃபையைக் கிளப்பும். போனில் அதைப் பிடித்து, பிரவுசரில் 192.168.4.1 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டுகொண்ட போன், சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருந்தது. டேட்டாவை அணைத்துவிட்டுத் திறந்தேன், பக்கம் வந்துவிட்டது.

வீட்டு வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். இணையவில்லை. நான்கு முறை பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. இதில் வைஃபையைக் கவனிப்பது இஎஸ்பி32 என்ற வேறொரு சிப், அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். எங்கள் பிளாக்கில் 2.4-இல் ஒரே நெரிசல் என்று இரண்டு வருடம் முன்பே ரவுட்டரில் அதை அணைத்து வைத்திருந்தேன். மீண்டும் போட்டு, தனிப் பெயர் வைத்தேன். அடுத்த நிமிடம் திரையில் ஐபி முகவரி வந்தது.

அடுத்தது பூல், அதாவது மைனர்களுக்கு வேலையைக் கொடுத்து விடையை வாங்கிக்கொள்ளும் சர்வர். நான் எடுத்தது சிகேபூல் என்ற சோலோ பூல் (பரிசைப் பங்கு பிரிக்காமல், பிளாக் கண்டுபிடித்தவருக்கே கொடுப்பது), கான் கோலிவாஸ் என்ற புரோகிராமர் நடத்துவது. பதிவு, கணக்கு எதுவும் வேண்டாம். பயனர் பெயர் இருக்கும் இடத்தில் நம் பிட்காயின் முகவரி, போர்ட் 3333, பாஸ்வேர்டுக்கு ஏதோ ஓர் எழுத்து. பிளாக் கிடைத்தால் 2 சதவீதம் அவர்களுக்கு, மீதி நேராக நம் முகவரிக்கு. எல்லாம் கொடுத்தும் ஷேர் கணக்கு, அதாவது வேலை நடக்கிறது என்று காட்ட மைனர் பூலுக்கு அனுப்பும் சிறு விடைகளின் எண்ணிக்கை, பூஜ்ஜியத்திலேயே நின்றது. பூல் முகவரிக்கு முன்னால் ஸ்ட்ராட்டம் டிசிபி (stratum+tcp://) என்ற முன்னொட்டையும் சேர்த்துவிட்டிருந்தேன். பெரிய மைனர்களில் அது வேண்டும், இதில் வெறும் முகவரி மட்டும்தான். அதை அழித்தேன். அழித்த கையோடு என் பிட்காயின் முகவரியையும் எழுத்தெழுத்தாக வாலட்டோடு ஒப்பிட்டேன். இதை யாரும் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். ஓர் இலக்கம் தவறினாலும் பூல் பெரும்பாலும் ஏற்காது, ஆனால் வேறொருவருடைய சரியான முகவரியை ஒட்டிவிட்டால் எதுவும் தடுக்காது.

பூல் கிடைத்ததும் விசிறி வேகம் எடுத்தது. பத்தே நொடியில் திரை அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. திரும்பத் திரும்ப அதே. பலகையே போய்விட்டது என்று வயிறு கலங்கியது. பலகையை மட்டும் வாங்கியிருந்ததால், பழைய போன் சார்ஜர் ஒன்றை உருண்டை பின் வைத்த கேபிளோடு மாட்டியிருந்தேன். 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட். வைஃபை வேலை வரை அது தாங்கியது. சிப் கணக்குப் போடத் தொடங்கி 18 வாட் கேட்டதும் படுத்துவிட்டது.

மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். முதல் கடைக்காரர் பின்னைப் பார்த்ததுமே ஓர் அடாப்டரை எடுத்து நீட்டினார். பின் கச்சிதமாக உட்கார்ந்தது. அடியில் எழுதியிருந்ததைப் படித்தால் 12 வோல்ட், சிசிடிவி கேமராவுக்கானது. இரண்டுக்கும் ஒரே 5.5, 2.1 மில்லிமீட்டர் பின். அதை மாட்டி சுவிட்சைப் போட்டிருந்தால் பலகை கருகியிருக்கும். "அண்ணே, 5 வோல்ட், 6 ஆம்பியர்" என்று கேட்டுக் கேட்டு நான்காவது கடையில்தான் கிடைத்தது. பின் பொருந்துகிறது என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லேபிளைப் படியுங்கள்.

அன்று இரவு ஒன்பதரைக்கு முதல் ஷேர் ஏறியது. சுமார் 1.1 டெராஹாஷ், நொடிக்கு ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட முயற்சி. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதுல என்னடா கிடைக்கும்?" என்றார். உண்மையைச் சொன்னேன். உலகம் முழுக்க ஓடும் மைனிங் வேகம் 2025-இல் நொடிக்கு 1 செட்டாஹாஷை, அதாவது நூறு கோடி டெராஹாஷைத் தொட்டது. அந்த அளவுக்கு எதிரே என் கருவி தனியாக ஒரு பிளாக் கண்டுபிடிக்க சராசரியாக 17,000 ஆண்டு ஆகும். கிடைத்தால் 3.125 பிட்காயின். விற்றால் லாபத்துக்கு 30 சதவீத வரி, மைனிங் கருவிக்குச் செலவழித்ததை அதில் கழிக்கவும் முடியாது. மாதம் இத்தனை நிச்சயம் என்று ஆசை காட்டி மைனிங்குக்குப் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாமல் இருக்கவாவது இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. 2009-இலிருந்து சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில், என் வீட்டு மேஜையிலிருந்தும் ஒரு கை சேர வேண்டும்.

ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: இதன் அமைப்புப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டே கிடையாது. அதே வைஃபையில் இருக்கும் யாரும் என் முகவரியை அழித்துவிட்டுத் தன் முகவரியைப் போடலாம். முதலில் மைனரை கெஸ்ட் நெட்வொர்க்குக்குத் தள்ளினேன். அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது, அதனால் என்னாலும் பக்கத்தைத் திறக்க முடியவில்லை. சரி, தலைகீழாக மாற்றினேன். மைனர் வீட்டு வைஃபையில், வந்து போகிறவர்கள் கெஸ்டில். இப்போது தம்பியின் நண்பர்கள் பாஸ்வேர்டு கேட்டால் கெஸ்ட் பாஸ்வேர்டுதான்.

கரண்ட் போய் வந்த ஒரு நாள் ஐபி மாறிவிட்டது. ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு (கருவியின் தனி அடையாள எண்) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கி, ரவுட்டரையும் மைனரையும் இன்வெர்ட்டரில் மாட்டினேன். அதன் பிறகு நின்றதில்லை.

சித்திரை வெயிலில் மட்டும் சிப் 68 டிகிரி காட்டியது. பீரோ மேலிருந்து ஜன்னலோரத்துக்கு மாற்றி, வேகத்தை 525 மெகாஹெர்ட்ஸிலிருந்து 490-க்கு இறக்கினேன். 61-இல் நிற்கிறது. இதுவரை வந்த ஷேர்களில் மிகக் கடினமானதன் அளவு 112 கோடி. பிளாக்குக்குத் தேவை நூறு லட்சம் கோடிக்கும் மேல். காலையில் காபி கொடுக்கும்போது அம்மா அந்த எண் ஏறியிருக்கிறதா என்று இப்போது தானாகவே கேட்கிறார்.

பழைய லேப்டாப்பில் 1 டிபி டிஸ்க் போட்டு, பிட்காயின் கோர் என்ற மென்பொருள் வழியாக இதுவரை வந்த எல்லா பிளாக்குகளையும் இறக்கிக்கொண்டிருக்கிறேன். முழுச் சங்கிலி 600 ஜிபிக்கு மேல், இன்று காலை 41 சதவீதம். அது முடிந்தால் லேப்டாப்பே பிட்காயின் வலையமைப்பில் ஒரு நோடு, அதாவது ஒரு கணு. அதன் பிறகு வெளிப் பூலை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு பூல் மென்பொருளை இடையில் வைத்து மைனரை இந்த நோடோடு இணைத்துப் பார்க்க வேண்டும்.