புதிய புரொசசருக்குக் காத்திருப்போர் கவனத்திற்கு

ஏஎம்டி நிறுவனத்தின் அடுத்த தலைமுறை ரைசன் புரொசசருக்காகக் காத்திருக்கும் மட்டக்களப்பு நண்பர்கள், கோர்களின் (புரொசசருக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் பகுதிகள்) எண்ணிக்கையைப் பார்க்கும் முன் தங்கள் மதர்போர்ட்டில் புரொசசர் பொருந்தும் இடமான சொக்கெட்டைப் பார்ப்பது நல்லது. 2022 இல் வந்த ஏஎம்5 சொக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதன் பின்னரும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்துள்ளது. அதற்கு முந்தைய ஏஎம்4 சொக்கெட் வைத்திருப்பவர்களுக்கோ மதர்போர்ட்டுடன் டிடிஆர்5 ரேமும் புதிதாக வேண்டும், செலவு அங்கேதான் ஏறுகிறது.

சொக்கெட் பொருந்தினாலும், பழைய பயோஸ் (மதர்போர்ட்டில் இருந்து கணினியைத் தொடக்கும் மென்பொருள்) புதிய புரொசசரை அடையாளம் காணாவிட்டால் மின்விசிறி சுழலும், திரையில் ஒன்றும் வராது. ஆகவே பழைய புரொசசரைக் கழற்றி விற்பதற்கு முன்பே பயோஸைப் புதுப்பித்துவிடுங்கள். இடையில் கரண்ட் போனால் மதர்போர்ட்டே செயலிழக்கக்கூடும் என்பதால், நம்மூர் மாரி காலத்தில் யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்க வேண்டாம். வீடியோ எடிட்டிங் செய்வோர் காத்திருக்கலாம். கடைக் கணக்குப் பார்க்க 16 கோர் எதற்கு?